ஊசி போட்ட கை

"பிள்ளைகளுக்குச் சட்டமெல்லாம் சொல்லிக்கொடுக்காதேம்மா. பயந்துவிடுவார்கள். பயந்த கைக்கு நரம்பு அகப்படாது" என்றார் எங்கள் மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட். புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கான பயிற்சி வகுப்பின் தலைப்புகளைக் காட்டி ஒப்புதல் வாங்கப் போயிருந்தேன். பட்டியலின் கடைசியில் இருந்த 'செவிலியர் பணியும் சட்டமும்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'கை கழுவும் முறை' என்று எழுதிக் கொடுத்தார். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மேடத்தை அப்படி ஒதுக்க முடியாது. வயிற்றுப்போக்கில் வதங்கிப்போன கைக்குழந்தைக்கு நாங்கள் எல்லாரும் குத்திப் பார்த்துத் தோற்ற பிறகு, பேசிக்கொண்டே ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிட்டுப் போகிறவர். அவர் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்குப் பயந்த செவிலியரை எந்த வார்டிலும் பார்க்கலாம். நோயாளியின் முகத்தைவிட கேஸ் ஷீட்டைத்தான் அவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்திருக்க வேண்டிய ரத்த அழுத்தத்தை, ஓவர் கொடுக்கும் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்) நேரத்தில் உட்கார்ந்து 120/80, 120/80 என்று வரிசையாக நிரப்புகிறவரும் அவர்தான். 'எழுதாதது செய்யாததற்குச் சமம்' என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செய்யாததை எழுதுவது அதைவிடப் பெரிய வம்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நோயாளி இறந்து வழக்கு வந்தால், அந்த அச்சுப்பிசகாத 120/80 வரிசையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பார். ஆகவே பயம் வேலையைக் கெடுக்கும் என்று மேடம் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பயம் சட்டம் தெரிந்து வந்ததா, அரைகுறையாகத் தெரிந்து வந்ததா என்பதில்தான் சண்டை.

பாடமாக நாங்கள் நடத்துவதும் அரைகுறைதான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கவனக்குறைவு வழக்குக்கு நான்கு கால்கள்: கடமை இருந்தது, கடமை மீறப்பட்டது, கேடு நேர்ந்தது, அந்த மீறலால்தான் நேர்ந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவிகள் ஒப்பிப்பார்கள். இங்கிலாந்தில் 1957இல் வந்த போலம் வழக்கையும் சொல்வார்கள்: அந்தத் தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்திருந்தால் போதும், ஊரிலேயே கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் சரி. ஆனால் பாடப்புத்தகத்தின் பாதி அமெரிக்க வழக்குகள். ஒருவரை மிரட்டுவது என்ன குற்றம், தொட்டுவிட்டால் என்ன குற்றம், வாயால் அவதூறு, எழுத்தால் அவதூறு என்று பிரித்துப் பிரித்து ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற அதே மாணவி, விபத்தில் அடிபட்டு வந்தவரின் ரத்தச் சட்டையை வெட்டிக் கழற்றியதும் குப்பைக் கூடையில் போடுகிறாள். அது காவல்துறையிடம் போக வேண்டிய பொருள். விஷம் குடித்தவரின் இரைப்பையைக் கழுவிய நீரும் அப்படித்தான். சீல் வைத்து, பெயர் எழுதி, யாரிடம் கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். வயிற்றுவலி என்று வந்த பதினாறு வயதுப் பெண் கர்ப்பமாக இருப்பது தெரியவந்தால், தகவல் கொடுக்கும் கடமை மருத்துவருக்கு மட்டும் உள்ளதன்று. 2012இன் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் அதைத் தெரிந்த எவர்மீதும் சுமத்துகிறது. இதையெல்லாம் விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் எங்கள் பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள், யாராவது திட்டும்போது.

டாக்டர்தானே சொன்னார்?

வகுப்பில் நான் எப்போதும் ஒரே வழக்கில்தான் தொடங்குவேன். உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. 1993 டிசம்பர் கடைசியில், டைஃபாய்டு என்று அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒரு சிறுவன் சேர்க்கப்படுகிறான். சில நாள் கழித்து ஒரு செவிலியர், நரம்பில் போட வேண்டும் என்று சொல்லி, 'லாரியாகோ' ஊசி மருந்தை வாங்கிவரும்படி தந்தையிடம் சொல்கிறார். தந்தை வாங்கிவருகிறார். லாரியாகோ என்பது குளோரோகுவின், மலேரியாவுக்கான மருந்து. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே சிறுவன் சரிந்துவிடுகிறான். இதயம் நின்று, மீட்டெடுப்பதற்குள் மூளை மீள முடியாதபடி கெட்டுவிடுகிறது. மரத்துப்போன உடம்போடு உயிர் மட்டும் மிஞ்சுகிறது. சிறுவனுக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி, "டாக்டர் சொல்லித்தானே மேடம், அந்த நர்ஸ் போட்டிருப்பார்?" என்பது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் செவிலியர் சட்டத்தின் முக்கால் பங்கு முடிந்துவிடும். தீர்ப்பு யாரையெல்லாம் குற்றம் சொன்னது என்று பாருங்கள். ஊசியைத் தானே போடாமல் செவிலியர் கையில் விட்ட மருத்துவரைச் சொன்னது. அந்தச் செவிலியருக்கு உரிய தகுதியே இல்லை. அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையைச் சொன்னது. ஊழியர் செய்த பிழைக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்கிற பழைய கோட்பாட்டின்படி பணம் கட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. வழக்கு நுகர்வோர் சட்டத்தின் வழியில் வந்தது; மருத்துவச் சேவை அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதிப்படுத்தியிருந்தது. அதனால் செவிலியர் தப்பிவிட்டார் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இழப்பீட்டு வழக்கில் நிறுவனம் முன்னால் வந்து நிற்கும். கிரிமினல் வழக்கில் அப்படி யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அங்கே கேட்கப்படுவது யார் சம்பளம் கொடுத்தார் என்பதன்று, யார் கை மருந்தை ஏற்றியது என்பது. 'டாக்டர் சொன்னார்' என்பது அங்கே விளக்கமாக எடுபடலாம், கவசமாக எடுபடாது. தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ தவறான உத்தரவை நிறைவேற்றினால் அந்தச் செயல் நிறைவேற்றியவருடையதும் ஆகிவிடுகிறது.

கையெழுத்து வாங்குவது யார் வேலை?

ஒப்புதல் படிவம் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, படிவத்தைக் கட்டில் ஓரமாக நீட்டி, "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, கீழே ஒன்று" என்று விரலால் காட்டுவது செவிலியர் வேலையாகிவிட்டது. "என்ன சிஸ்டர் இது?" என்று கேட்டால், "நாளைக்கு ஆபரேஷன் இல்லையா, அதற்குத்தான்" என்பதோடு விளக்கம் முடிந்தது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். செவிலியரின் கையெழுத்து, நோயாளி தன் விருப்பத்தோடு போட்டதைப் பார்த்தேன் என்பதற்கான சாட்சி மட்டுமே. நோயாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தால் படிவத்தை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு ஒன்று உண்டு. உள்நோக்கிப் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. வயது வந்த பெண் மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம். தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். நம் வார்டுகளில் மனைவிக்குக் கணவனும், அப்பாவுக்கு மகனும், சுயநினைவோடு படுத்திருக்கும் ஆச்சிக்குப் பேரனும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பில் கட்டாதவரை வெளியே விடாமல் வார்டு கதவில் செவிலியரைக் காவல் நிறுத்துகிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் என்பதும் கதவில் நின்றவர் பெயரும் வழக்கில் சேரும் என்பதும் அங்கே நிற்கிற பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரவில் வந்த உத்தரவு

மேடம் தலைப்பை அடித்த சில மாதங்களுக்குப் பிறகு இது நடந்தது. பொது மருத்துவப் பிரிவில் வாந்தி பேதியோடு சேர்ந்த ஒரு பெண்மணி. இரவில் வந்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.6. இயல்பாக 3.5க்கு மேல் இருக்க வேண்டும். நைட் டூட்டியில் இருந்தவள் என்னிடம் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்த பெண். அவசரப் பிரிவில் இருந்த டூட்டி டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எண்ணைச் சொல்கிறாள். "கே.சி.எல். ஒரு ஆம்பூல் ஐ.வி. போட்டுவிடுங்கள் சிஸ்டர்" என்கிறார் அவர். கே.சி.எல். என்கிற பொட்டாசியம் குளோரைடை ஆம்பூல் என்கிற கண்ணாடிக் குப்பியில் இருந்து எடுத்து அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். "எத்தனை மில்லியில் கலந்து சார், எவ்வளவு நேரத்தில்?" என்று கேட்கிறாள். "போடச் சொன்னால் போடுங்கள்" என்று தொடர்பு துண்டிக்கப்படுகிறது. மறுபடி கூப்பிட்டு, "ஒரு முறை வந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், உடனே போட்டுவிடுகிறேன்" என்கிறாள். அவர் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. கோபத்தோடு எழுதினார்: 500 மில்லி சலைனில் கலந்து, மெதுவாக. ஏற்றினார்கள். அந்த அம்மாள் தேறி வீட்டுக்குப் போனார். காலையில், சொன்ன வேலையைச் செய்ய மறுத்ததாகவும் சிகிச்சையைத் தாமதப்படுத்தியதாகவும் அந்தச் செவிலியர்மீது புகார் வந்தது.

மேடத்தின் அறையில் விசாரணை. பாடம் நடத்தியவள் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். டாக்டர் தரப்பை நான் இளக்காரமாகச் சொல்ல விரும்பவில்லை. அவர் சொன்னதில் சத்து இருந்தது. "கே.சி.எல்.லைக் கலக்காமல் போடக் கூடாது என்பது எந்த நர்ஸுக்கும் தெரியும். நான் கீழே நெஞ்சுவலிக்காரர் ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தேன். தெரிந்ததையே கேட்டு என்னை மேலே ஓடிவரச் செய்தார்கள்" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்று, "எனக்குத் தெரியும் சார். ஆனால் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். டாக்டர் பதில் சொல்லவில்லை. மேடம் கேஸ் ஷீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

அவள் எழுதியிருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். முதல் அழைப்பு எத்தனை மணிக்கு, சொல்லப்பட்ட வார்த்தை என்ன, இரண்டாம் அழைப்பு எத்தனை மணிக்கு, இரவு மேற்பார்வைச் செவிலியருக்குச் சொன்னது எத்தனை மணிக்கு. நோயாளியை இ.சி.ஜி. மானிட்டரில் போட்டது, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண். ஒரு இடத்தில் நேரம் தவறாக விழுந்திருந்தது. அதன்மேல் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் சரியான நேரமும் சுருக்கொப்பமும். வெள்ளை மை பூசவில்லை, மேலெழுதவில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மறுப்பதோடு அவள் நின்றிருந்தால் டாக்டரின் புகார் நியாயமாகியிருக்கும். பொட்டாசியம் 2.6 இருக்கும் நோயாளியை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. செய்யாமல் விடுவதும் கடமை மீறல்தான், செய்து கெடுப்பதைப் போலவே. உத்தரவு தெளிவில்லாவிட்டால் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போக வேண்டும், அதுவரை நோயாளியை விட்டு நகரக் கூடாது. சட்டம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். பயந்த பெண் இதைச் செய்திருக்க மாட்டாள். மறு பேச்சில்லாமல் ஊசியை எடுத்திருப்பாள், அல்லது போனைத் தொடாமல் டாக்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பாள்.

எல்லாரும் போன பிறகு, "பார்த்தீர்களா மேடம்?" என்றேன். கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவள் சட்டம் படித்ததால் கேட்கவில்லை. மருந்து படித்ததால் கேட்டாள்" என்றார். என் களிப்பு அங்கேயே இறங்கிவிட்டது. உண்மைதான். கே.சி.எல். என்ன செய்யும் என்று தெரியாத ஒருத்திக்கு எத்தனை தீர்ப்புகளை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தாலும் கேட்கத் தோன்றியிருக்காது. ஆனால் யோசிக்க யோசிக்க, அது பாதி என்றே படுகிறது. முதல் முறை கேட்க வைத்தது மருந்தியல். திட்டு வாங்கிய பிறகும் இரண்டாம் முறை போனை எடுக்க வைத்தது எது? கேட்பது தன் வேலையின் பகுதி, டாக்டரிடம் கெஞ்சிப் பெறும் சலுகை அன்று என்று எங்கேயோ அவளுக்குப் பதிந்திருந்தது. அது மருந்தியல் புத்தகத்தில் கிடையாது.

இரண்டாண்டு, ஐந்தாண்டு

விசாரணையில் யாருக்கும் மெமோ கொடுக்கப்படவில்லை. தொலைபேசி உத்தரவுகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கும்படி மேடம் எழுதினார்: சொன்னதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு முன்னுரை மாதிரி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அதற்காகப் புதிய குற்றவியல் சட்டத்தைப் புரட்டியபோதுதான் 106ஆம் பிரிவில் கண் நின்றது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை என்றது. மருத்துவர், செவிலியர், லாரி ஓட்டுநர் என்ற பேதமில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்திருந்தால் மட்டும் பழையபடி இரண்டு ஆண்டு. யார் பதிவுபெற்ற மருத்துவர் என்பதற்கு விளக்கமும் அங்கேயே உண்டு: 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பதிவேட்டில் பெயர் இருப்பவர். எங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. தமிழ்நாட்டில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த செவிலியர் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறது.

எழுத்தின்படி வாசித்தால், ஒரே ஆம்பூல், ஒரே நோயாளி, ஒரே பிழை; மருத்துவர் கையால் ஏறினால் அதிகபட்சம் இரண்டு, செவிலியர் கையால் ஏறினால் அதிகபட்சம் ஐந்து. செவிலியரை ஒடுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டு எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வார்டில் ஊசி போடுவது யார் என்பதே எழுதியவர்களுக்கு நினைவில் இருந்திருக்காது. எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது. 2023இல்தான் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையத்துக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. அதே ஆண்டு வந்த தண்டனைச் சட்டத்தில் அந்தப் பதிவேட்டின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கிலும் இதே கதைதான். லூதியானாவில் மூச்சுத்திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அடுத்ததைப் பொருத்துவதற்குள் உயிர் போனது. மருத்துவமனை சிவில் வழக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம், அதற்காக மருத்துவர்மீது கிரிமினல் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்துடன், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்குத் தொடரக் கூடாது, வழக்கு வந்தது என்பதற்காகவே கைது செய்யக் கூடாது என்றும் வரையறுத்தது. நல்ல தீர்ப்பு. அந்த வரையறைகள் மருத்துவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. இந்தப் பாதுகாப்பு செவிலியருக்கும் வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, அதற்கான சுற்றறிக்கை வெளியிடும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று மத்திய அரசின் அளவுகோல் ஒன்று காகிதத்தில் கிடக்கிறது; நாற்பது பேரை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த இரவில் பிழை நேர்ந்தால், அந்த நாற்பதைப் பற்றி அரசையோ நிர்வாகத்தையோ குற்றவாளிக் கூண்டில் யார் கேட்பார்கள்?

106ஆம் பிரிவை நகலெடுத்து மேடத்திடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "ஐந்தா?" என்றார். பிறகு, "இதைத்தான் சொன்னேன். இதைப் படித்துவிட்டு எவள் ராத்திரியில் ஊசியை எடுப்பாள்?" என்றார். நகலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நர்சிங் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன் என்று மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பயிற்சி வகுப்பில் சட்டம் என்ற தலைப்பு இன்னும் கிடையாது. அதற்குப் பதிலாக, மருந்து பற்றிய வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு பழைய தொலைபேசியை வைத்துக்கொண்டு இரவு உத்தரவு வாங்கிப் பழகுகிறோம். டாக்டர் வேடம் மேடத்துக்குத்தான். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நன்றாகத் திட்டுகிறார். பிள்ளைகள் முதல் முறை வாயடைத்துப் போகிறார்கள். போனை வைத்துவிட்டு, "ம், மறுபடி கூப்பிடு" என்கிறார்.